கொள்ளிடக் கரையில் ஓர் அடைக்கல நகர்



மாலையில் செபமாலை முடிந்ததும் நம் வீடுகளில் மாதா பிரார்த்தனை சொல்கிறோம். ஒருவர் முன்மொழிய, மற்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்கிறோம். அந்த நீண்ட வரிசையில் அன்னை மரியாவைப் பாவிகளின் அடைக்கலம் என்று அழைக்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் பசியோடு அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஆகவே அந்தச் சொல்லையும் மற்றச் சொற்களோடு சேர்த்து வேகமாகக் கடந்து போய்விடுகிறோம்.

ஆனால் திருமானூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு அடைக்கலம் என்பது செபப் புத்தகத்தில் மட்டும் உள்ள சொல் அல்ல. ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் திருத்தலம் இருக்கிறது. நம் குடும்பங்களில் அடைக்கலராஜ், அடைக்கலசாமி, அடைக்கலமேரி என்று பெயரிட்டுப் பிள்ளைகளை அழைக்கிறோம். ஊரின் பெயராகவும் ஆளின் பெயராகவும் புழங்கும் இந்தச் சொல்லுக்குள் மூன்று நூற்றாண்டு வரலாறும், திருவிவிலியத்தின் ஆழமான ஓர் அடையாளமும் அடங்கியிருக்கின்றன. இன்று அதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் வரலாறு. இன்று தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக அரியலூருக்கு வருகிறவர்கள் திருமானூரில் கொள்ளிடப் பாலத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஆறு ஓர் எல்லை. தென்கரையில் தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆட்சி. வடகரையில் அரியலூர் மழவராயர்களும் உடையார்பாளையத்துப் பாளையக்காரர்களும் ஆண்ட நிலம். ஆற்றைக் கடப்பது என்றால் ஓர் அரசின் கையிலிருந்து இன்னோர் அரசின் நிழலுக்குள் வருவது என்று பொருள்.

1701-ஆம் ஆண்டு, ஷாஜி மன்னரின் காலத்தில், தஞ்சை நாட்டில் கிறிஸ்தவர்கள்மீது கடுமையான துன்புறுத்தல் எழுந்தது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் சிறைப்பட்டார்கள். நம்பிக்கையை விட மனமில்லாத பல குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறி, கொள்ளிடத்தைக் கடந்து வடகரைக்கு வந்தன. அவர்கள் தஞ்சைச் சீமையின் வயல்களையும் வீடுகளையும் விட்டு வந்தவர்கள். கையில் எடுத்து வரக்கூடியது என்னவோ, அதை மட்டும் எடுத்து வந்தவர்கள். நம் பகுதியின் கிறிஸ்தவ வரலாற்றில் இவர்களுக்குப் பெரிய இடம் உண்டு. ஆக, நம் முன்னோர்களில் ஒரு பகுதியினர் ஓடிவந்தவர்கள். இதை நாம் மறக்கக் கூடாது.

அந்த ஆண்டிலிருந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1711-இல், இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த ஓர் இயேசு சபைக் குரு மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். கொன்ஸ்தந்தீன் யோசேப்பு பெஸ்கி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். நாம் அவரை வீரமாமுனிவர் என்கிறோம். காவி உடையும் தலைப்பாகையும் அணிந்து, சைவ உணவு உண்டு, தமிழ்ப் புலவர்களிடம் மாணவராக அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றவர் அவர். சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் அவர் தந்தவை. குருவின் வருகை அரிதாக இருந்த ஊர்களில் நம்பிக்கையைக் காத்து நின்ற வேதியர்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையும் அவர் எழுதினார்.

தமிழறிஞர் என்று அவரைப் புகழ்கிற நாம், அவர் வாழ்வின் ஒரு பகுதியை அதிகம் நினைப்பதில்லை. தமிழகத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1714, 1715-ஆம் ஆண்டுகளில், தென்பகுதியில் பணியாற்றியபோது அவர் பிடிக்கப்பட்டு, மரண தண்டனைக்கு ஆளாகி, அதிலிருந்து தப்பியவர். நாளை விடிந்தால் உயிரோடு இருப்போமா என்று தெரியாத இரவுகளை அறிந்தவர். அப்படிப்பட்டவர்தாம் பின்னர் ஏலாக்குறிச்சிக்கு வந்து, ஓடிவந்த மக்களின் பிள்ளைகளுக்கு நடுவே ஓர் ஆலயம் எழுப்பி, அங்கே அன்னை மரியாவை அடைக்கல மாதா என்று வணங்கச் செய்தார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயராலேயே திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அன்னையின் துயரங்களை நினைந்து அன்னை அழுங்கல் அந்தாதியையும் பாடினார். அடைக்கலம், காவல், அழுங்கல் என்னும் சொற்களை அவர் அகராதியிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. தம் வாழ்விலிருந்தும் தம் மக்களின் வாழ்விலிருந்தும் எடுத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

அன்பு நேயர்களே, காவலூர் என்ற பெயரைக் கேட்கும்போது, திருவிவிலியத்தை வாசிக்கிறவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அடைக்கல நகர்கள். எண்ணிக்கை நூலின் 35-ஆம் அதிகாரத்திலும், இணைச்சட்டம் 19-ஆம் அதிகாரத்திலும், யோசுவா 20-ஆம் அதிகாரத்திலும் அவற்றைப் பற்றி வாசிக்கிறோம். இஸ்ரயேல் மக்கள் வாக்களிக்கப்பட்ட நாட்டில் குடியேறியபோது, ஆறு நகர்களை அடைக்கல நகர்களாக ஒதுக்கி வைக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். கெதேசு, செக்கேம், எபிரோன் ஆகிய மூன்றும் யோர்தானுக்கு மேற்கே. பெட்சேர், இராமோத்து, கோலான் ஆகிய மூன்றும் யோர்தானுக்குக் கிழக்கே. ஆற்றின் இரு கரையிலும் மும்மூன்று. எந்தக் கரையில் ஒருவர் சிக்கிக்கொண்டாலும், ஓடிச் சேர்வதற்கு ஓர் ஊர் இருக்க வேண்டும் என்பது ஆண்டவரின் எண்ணம்.

யாருக்காக இந்த நகர்கள்? வேண்டுமென்றே கொலை செய்தவனுக்கு அங்கே இடமில்லை. கைதவறிப் பிறர் சாவுக்குக் காரணமானவருக்காக அவை ஒதுக்கப்பட்டன. இணைச்சட்டம் ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. விறகு வெட்டப் போன இடத்தில் கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று போய் அடுத்தவர்மேல் பட்டுவிட்டது. பட்டவர் இறந்துவிட்டார். பகையும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. ஆனால் அக்கால வழக்கப்படி, இறந்தவரின் நெருங்கிய உறவினர் இரத்தப்பழி வாங்கப் புறப்பட்டு வருவார். கோபம் கொதிக்கும் அந்த நேரத்தில் நியாயம் பேச முடியாது. எனவே ஓட்டத்துக்கும் வாளுக்கும் நடுவே ஒரு நகரை ஆண்டவர் நிறுத்தினார்.

இந்த நகர்களைப் பற்றிய சட்டத்தில் நம் கவனத்தை ஈர்க்கும் செய்திகள் நான்கு. முதலாவது, அந்த நகர்களுக்குச் செல்லும் பாதை முறையாக அமைக்கப்பட வேண்டும் (இச 19:3). அடைக்கலம் தேடுகிறவர் வழியில் தடுமாறி விழக் கூடாது. இரண்டாவது, ஓடிவந்தவர் நகர வாயிலில் நின்று தம் வழக்கைச் சொல்வார். ஊர்ப் பெரியவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டு, அவரை உள்ளே சேர்த்து, தங்க இடம் தர வேண்டும் (யோசு 20:4). மூன்றாவது, இந்த உரிமை இஸ்ரயேலருக்கு மட்டும் உரியதன்று; அவர்கள் நடுவே தங்கியிருக்கும் அன்னியருக்கும் உண்டு (எண் 35:15). நான்காவது, அப்போதைய தலைமைக் குரு இறக்கும்வரை அவர் அங்கே தங்குவார். தலைமைக் குரு இறந்த பிறகு விடுதலை பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பலாம் (எண் 35:28).

இந்த நான்காவது செய்தி நமக்குப் புதிராகத் தோன்றலாம். ஒரு குருவின் சாவுக்கும் ஓடிவந்த ஏழையின் விடுதலைக்கும் என்ன தொடர்பு? எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இந்தப் புதிரின்மேல் ஒளி பாய்ச்சுகிறது. அதன் 6-ஆம் அதிகாரத்தின் இறுதியில், அடைக்கலம் தேடி ஓடிவந்தவர்கள் என்று நம்மை ஆசிரியர் குறிப்பிடுகிறார். நம் முன்னே வைக்கப்பட்டுள்ள எதிர்நோக்கை ஆன்மாவின் நங்கூரம் என்கிறார். உடனே அடுத்த வரியில், என்றென்றும் தலைமைக் குருவாகிய இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். ஓடிவந்தவர், தலைமைக் குரு, விடுதலை ஆகிய மூன்றும் கிறிஸ்துவில் ஒன்றாகின்றன. நம் தலைமைக் குரு சிலுவையில் உயிர் விட்டார். அந்தச் சாவினால் நாம் வீடு திரும்பும் உரிமை பெற்றோம். நம் அடைக்கல நகர் ஒரு மதில் சூழ்ந்த ஊர் அன்று; அவர் ஓர் ஆள்.

திருவிவிலியம் இவ்வாறு சொல்ல, நம் தமிழ் அதற்கு இன்னொரு பொருளையும் சேர்க்கிறது. ஓடிப்போய்ப் புகும் இடம் மட்டுமே தமிழில் அடைக்கலம் அன்று. ஒருவர் நம்பி நம் கையில் ஒப்படைத்த ஆளையும் பொருளையும்கூட அடைக்கலம் என்றே சொல்கிறோம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி, கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணின் கையில் ஒப்படைக்கிறார். மாதரி செல்வம் உள்ளவள் அல்லள். பாலும் மோரும் விற்றுப் பிழைக்கும் இடைச்சேரிப் பெண். ஆனாலும் ஏற்றுக்கொள்கிறாள். பின்னர் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டதும், தன்னிடம் தரப்பட்ட அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று கலங்கி, அவள் தீயில் புகுந்து உயிர் விடுகிறாள். அவள் செய்த முடிவை நாம் பின்பற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. உயிர் இறைவன் தந்தது. அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் தமிழர் மனத்தில் அடைக்கலம் என்ற சொல்லின் எடை எவ்வளவு என்பதை அந்த ஏழைப் பெண் நமக்குக் காட்டுகிறாள். ஏற்றுக்கொண்டவர் பொறுப்பாளி. கைநழுவினால், எனக்கென்ன என்று அவர் இருந்துவிட முடியாது.

இந்த எடையோடு மத்தேயு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பார்ப்போம். ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். வானதூதர் கனவில் தோன்றி யோசேப்பிடம் எழுந்து ஓடும்படி சொல்கிறார். அவர் இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். மத்தேயு இந்த ஓட்டத்தை மூன்றே வசனங்களில் முடித்துவிடுகிறார். நம் வீரமாமுனிவர் 1726-இல் நிறைவு செய்த தேம்பாவணியில் அதற்குப் பல படலங்கள் ஒதுக்கினார். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தின் தலைவர் யார்? சூசையப்பர். நற்செய்தியில் ஒரு வார்த்தையும் பேசாத அந்தத் தச்சரைத் தமிழ்க் காப்பியத்தின் நாயகராக்கினார் முனிவர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்கு, இறைவன் சேர்த்துத் தருவார், பெருகச் செய்வார் என்பது பொருள். அந்தப் பொருள் விளங்க அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் வைத்தார்.

தஞ்சையிலிருந்து ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாடல்களைக் கேட்கும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரசனின் கோபத்துக்கு அஞ்சி, கைக்குழந்தையோடு இரவில் நாட்டெல்லையைக் கடந்த ஒரு குடும்பம். அது அவர்கள் சொந்தக் கதை. உலக மீட்பரே ஓர் அகதிக் குழந்தையாக இருந்தார் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! எல்லாருக்கும் அடைக்கலமானவர், ஒரு காலத்தில் வளனின் கையில் அடைக்கலப் பொருளாக இருந்தார். காப்பவரையே காக்கும் பொறுப்பு ஒரு கூலித் தச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருக்குடும்பத்துக்கு இடம் கொடுத்த எகிப்து, இஸ்ரயேலின் கடவுளை அறியாத நாடு. அவர்கள் அயலாரின் நிழலில் பிழைத்தார்கள். நம் பகுதியின் வரலாறும் அப்படித்தான். தஞ்சையை விட்டு வந்தவர்களுக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது கிறிஸ்தவர் அல்லாத ஒரு பாளையக்காரரின் மண்ணில். அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு முதுகில் வந்த இராசபிளவையை வீரமாமுனிவர் பச்சிலையும் சேறும் பூசிக் குணமாக்கினார் என்றும், மனம் மகிழ்ந்த மழவராயர் ஆலயத்துக்கு நிலம் கொடுத்தார் என்றும் ஏலாக்குறிச்சியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பிறவிக் குருடரின் கண்ணில் இயேசு சேறு பூசிய நிகழ்ச்சி அந்தக் கதையைக் கேட்கும்போது நம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கதையில் குருவும் அரசரும் ஒருவருக்கொருவர் அடைக்கலம் தருகிறார்கள். ஒருவர் உடலுக்கு, மற்றவர் ஊருக்கு. இன்று நாம் நம் ஆலயம் என்று பெருமையோடு சொல்லும் இடத்தின் அடியில், வேறு மதத்தவர் ஒருவரின் பெருந்தன்மை இருக்கிறது.

எகிப்தைப் பற்றிச் சொல்லும்போது, ஓர் அழகான உண்மை உண்டு. அன்னை மரியாவை நோக்கிய மன்றாட்டுகளிலேயே மிகப் பழமையானது என்று கருதப்படுவது, அவரது அடைக்கலத்தை நாடி வருகிறோம் என்று தொடங்கும் சிறு செபம். அது கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரசுத் துண்டாகக் கிடைத்தது. கிடைத்த இடம் எகிப்து. இன்று அந்தத் துண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. தாயும் பிள்ளையும் அடைக்கலம் தேடிப் போன அதே நாட்டில்தான், பின்னர் கிறிஸ்தவர்கள் அந்தத் தாயை அடைக்கலம் என்று அழைக்கத் தொடங்கினார்கள். வந்தேறியாக வந்தவரையே காவலாகக் கண்டது அந்த மண்.

இனி சிலுவையின் அடியில் நின்று பார்ப்போம். யோவான் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில், இறக்கும் வேளையில் இயேசு தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைக்கிறார். அந்நேரமுதல் சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். அதாவது, தமிழின் பொருளில் சொன்னால், அன்னை மரியா நமக்கு அடைக்கலமாகத் தரப்பட்டார். அவர் நம்மைக் காக்கிறார் என்பது பாதி உண்மை. அவரை நாம் வீட்டில் ஏற்றுக் காக்க வேண்டும் என்பது மறுபாதி. கணவனை இழந்தவராய், பெற்ற ஒரே மகனையும் தண்டனையில் இழந்து நிற்கும் ஓர் ஏழைத் தாயை, இவர் உன் பொறுப்பு என்று ஆண்டவர் நம் கையில் வைத்துவிட்டுக் கண்மூடுகிறார். அன்னை அழுங்கல் என்று முனிவர் பாடியது இந்தத் தாயின் துயரத்தைத்தான்.

எனவே அடைக்கல அன்னை என்று நாம் சொல்லும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். எங்களுக்கு இடம் தாரும் என்கிறோம். நாங்களும் இடம் தருவோம் என்றும் வாக்குக் கொடுக்கிறோம். முதல் பாதியை நாம் தவறாமல் சொல்கிறோம். மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், தேர் இழுக்கிறோம், நேர்ச்சை செலுத்துகிறோம். இரண்டாவது பாதி எப்படி இருக்கிறது?

பொறுப்பு ஏற்பது என்றால் என்ன என்பதை நம் மாவட்டமே ஒருமுறை நாட்டுக்குக் காட்டியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அதிகாலையில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பாதிக்கப்பட்டு, அரியலூர் அருகே தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் டெல்லியில் இருந்தவர். அந்த வெள்ளத்தை அவர் வரவழைக்கவில்லை. அந்த ரயிலை அவர் ஓட்டவில்லை. ஆனாலும் தம் பதவியை விட்டு விலகினார். நம்பி ஏறிய மக்கள் தம் பொறுப்பில் இருந்தவர்கள் என்று அவர் நினைத்தார். மாதரியின் மனம் கொண்ட ஓர் அமைச்சர் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, இன்று நம் ஊர்களில் நகர வாயிலில் வந்து நிற்பவர் யார்?

சாதி கடந்து மணம் செய்துகொண்ட ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் உயிருக்கு அஞ்சி ஓடுவதைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி வாசிக்கிறோம். அவர்களைத் துரத்தி வருகிறவர்கள் யார்? எண்ணிக்கை நூல் சொல்லும் அதே ஆள்கள்தாம். நெருங்கிய உறவினர், குடும்பத்தின் பெயரால் இரத்தப்பழி வாங்க வருகிறவர். அடைக்கல நகர்களை ஆண்டவர் ஏற்படுத்தியதே இந்தக் கோபத்துக்கும் அந்த உயிருக்கும் நடுவே நிற்பதற்காகத்தான். 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில், இப்படிப்பட்ட தம்பதியருக்கு மாவட்டத் தலைநகர்களில் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது குறித்து மாநில அரசுகள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியது. சட்டம் இப்போது சொல்வதைத் திருவிவிலியம் எப்போதோ சொல்லிவிட்டது. நம் கேள்வி எளியது. அந்த இருவரும் ஓர் இரவில் நம் பங்கில் ஒரு கதவைத் தட்டினால், அவர்கள் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத் திறப்போமா, திறந்துவிட்டுத் தண்ணீர் கொடுப்போமா? அந்த இளைஞன் நம் வீட்டுப் பெண்ணை மணந்தவனாக இருந்தால்? நாம் அடைக்கல நகரின் பெரியவர்களா, வாளோடு வரும் உறவினரா?

கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். தமிழகத் திருச்சபையில் சில இடங்களில் கல்லறையில்கூடப் பிரிவினைச் சுவர் எழுப்பியிருக்கிறோம். ஒரே அப்பத்தை உண்டவர்கள், ஒரே அன்னையை அடைக்கலம் என்று அழைத்தவர்கள், மண்ணுக்குள் போன பிறகும் தனித்தனியே கிடக்கிறார்கள். அன்னியருக்கும் வாயிலைத் திறந்து வைக்கச் சொன்ன ஆண்டவர் முன்னால், அந்தச் சுவருக்கு நாம் என்ன விளக்கம் சொல்வோம்?

நம் மாவட்டத்தின் சிமெண்ட் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பாடுபடுகிறார்கள். நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாது. நம் பிள்ளைகளும் இதேபோல வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேற்று மொழிக்காரர் நடுவே வேலை செய்கிறார்கள். அங்கே ஒருவர் நம் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு கொடுத்தார் என்று கேள்விப்பட்டால் நம் நெஞ்சு எப்படிக் குளிர்கிறது! 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்து உறவுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் தமிழகத்து முகாம்களில் வாழ்கிறார்கள். இங்கேயே பிறந்தும், எந்த நாட்டவர் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர்கள் அவர்களில் பலர்.

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மாதா பிரார்த்தனையில் மூன்று புதிய மன்றாட்டுகளைச் சேர்த்தார். அவற்றில் ஒன்று, புலம்பெயர்ந்தோரின் ஆறுதல் என்று அன்னையை அழைக்கிறது. அதை அவர் எந்த இடத்தில் வைத்தார் தெரியுமா? பாவிகளின் அடைக்கலம் என்பதற்கு அடுத்த வரியில். அடைக்கலம் என்ற சொல் நெஞ்சுக்குள் மட்டும் தங்கிவிடாமல், சாலையில் நடக்கிறவர்களையும் நினைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் சூசையப்பர் ஆண்டையும் திருத்தந்தை அறிவித்தார். அன்னையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடிய வளனை, உலகத் திருச்சபை முழுவதும் ஓராண்டுக் காலம் நினைவுகூர்ந்தது.

பெரிய காரியங்களைச் செய்ய நமக்கு வசதி இல்லை என்று நாம் சொல்லலாம். மாதரிக்கும் வசதி இல்லை. வளனுக்கும் வசதி இல்லை. அடைக்கல நகரின் பெரியவர்களிடம் ஆண்டவர் கேட்டவை மூன்று: வழியைச் செம்மைப்படுத்துங்கள், வாயிலில் நிற்பவர் சொல்வதைக் கேளுங்கள், தங்க இடம் கொடுங்கள். கணவனை இழந்து தாய் வீட்டுக்குத் திரும்பிய பெண்ணின் குறையைக் குறுக்கிடாமல் கேட்பது அடைக்கலம். மதுவால் சிதைந்த வீட்டிலிருந்து வரும் சிறுவனுக்கு மாலையில் படிக்க ஒரு விளக்கும் மூலையும் தருவது அடைக்கலம். பிள்ளைகள் கைவிட்ட முதியவரை, அவர் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசுவது அடைக்கலம். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் தாழ்வான பகுதி மக்களுக்குப் பள்ளிக்கூடத்தையும் கோயில் வளாகத்தையும் திறந்துவிடுகிறோமே, அந்த இரவுகளில் யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் அந்த மனத்தை வைத்துக்கொள்வதுதான் நாம் செய்ய வேண்டியது.

வீரமாமுனிவர் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 54 ஆண்டுகளுக்கு முன் அதே பிப்ரவரி 4-இல்தான் புனித அருளானந்தர் ஓரியூரில் தம் இரத்தத்தைச் சிந்தினார். ஒருவர் வாளுக்கு இரையானார். மற்றவர் தண்டனையிலிருந்து தப்பி, தப்பி வந்தவர்களுக்கு ஓர் ஊரைக் கட்டினார். இருவரும் நமக்கு விட்டுச் சென்ற நம்பிக்கை, இன்று நம் கையில் உள்ள அடைக்கலப் பொருள். அதைப் பேழையில் பூட்டி வைத்துக் காக்க முடியாது. கதவைத் திறந்து வைத்துத்தான் காக்க முடியும்.

இன்று மாலை மாதா பிரார்த்தனையில் அந்த மன்றாட்டு வரும்போது, ஒரு கணம் நிறுத்தி, நம்மிடம் அடைக்கலம் தேடும் ஒருவரின் முகத்தை மனத்தில் கொண்டு வருவோம். பிறகு அந்தச் சொல்லைச் சொல்வோம். அடைக்கலமானவரும் அகதியாக இருந்தவருமான ஆண்டவர் இயேசு நம் ஒவ்வொரு வீட்டையும் ஓர் அடைக்கல நகராக ஆக்குவாராக. ஆமென்.